கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும்? ஹெச். பைலோரியும் சென்சிட்டிவிட்டி சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அறைக்கு அடுத்ததுதான் எங்கள் ஆய்வகம். மாதிரி வாங்கும் ஜன்னலில் பதினாறு ஆண்டுகளாக நிற்கிறேன். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் மக்கள் இந்த ஜன்னலில் கேட்டுவிடுவார்கள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே எழுதி வைத்தேன். நான் நுண்ணுயிரியல் படித்த ஆய்வக ஊழியர், மருத்துவர் அல்ல. யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை இரைப்பை குடல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ளதைப் புரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

எனக்கு வெறும் கேஸ் டிரபுள். அதற்குப் போய்க் கிருமி என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

நம் ஊரில் ஏப்பம், உப்புசம், நெஞ்செரிச்சல், மாரடைப்பு வரை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கேஸ் டிரபுள். அவை எல்லாவற்றுக்கும் கிருமி காரணமில்லை. ஆனால் எண்டோஸ்கோப்பியில் புண்ணோ அழற்சியோ தெரிந்தால், ஹெச். பைலோரி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரைப்பையின் சளிப் படலத்துக்குள் வாழும் சுருள் வடிவப் பாக்டீரியா அது. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும். பெரும்பாலும் சிறு வயதில் தொற்றும். அழிக்காவிட்டால் ஆயுள் முழுக்க உடன் இருக்கும்.

தொற்று உள்ளவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. சிலருக்குப் புண் வரும், மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இல் இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விடக்கூடிய கிருமி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்சிட்டிவிட்டி டெஸ்ட் என்றால் என்ன? சிறுநீர்ப் பரிசோதனையில் செய்வார்களே, அதுதானா?

அடிப்படை அதேதான். கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன் மேல் மருந்து தடவிய பட்டையை வைக்கிறோம். பட்டையின் ஒரு முனையில் மருந்து அதிகம், மறுமுனையில் குறைவு. எந்த அளவு வரை கிருமி வளரவில்லையோ அதுவே அந்த மருந்தின் குறைந்தபட்சத் தடுப்பு அளவு. அது நிர்ணயித்த எல்லைக்குள் இருந்தால் ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று போடுவோம். கிருமி அந்த மருந்துக்குக் கேட்கும் என்று பொருள். எல்லையைத் தாண்டினால் 'ஆர்', கேட்காது.

வித்தியாசம் மாதிரியில் இருக்கிறது. சிறுநீரை நீங்களே பிடித்துக் கொடுத்துவிடலாம். இப்படிக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு இரைப்பைத் திசுவின் துணுக்கு வேண்டும். அதை எண்டோஸ்கோப்பி செய்துதான் எடுக்க முடியும்.

மூச்சுப் பரிசோதனையில் கிருமி இருப்பதாக வந்துவிட்டது. எந்த மருந்து என்பதும் அதிலேயே தெரியாதா?

தெரியாது. நீங்கள் விழுங்கிய யூரியாவைக் கிருமி உடைத்ததா என்பதை மட்டும்தான் மூச்சுப் பரிசோதனை சொல்லும். எண்டோஸ்கோப்பி முடிந்ததும் திசுத் துணுக்கை ஒரு மஞ்சள் ஜெல்லில் போட்டு, அது இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்ப்பதும் அதே யூரியா கணக்குதான். வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பது கதவைத் தட்டினால் தெரியும். அவர் என்ன குணம் என்பது தெரியாது.

இரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. அதை வைத்து மருந்து ஆரம்பிக்கலாமா?

இரத்தத்தில் பார்ப்பது எதிர்ப்பொருளை. கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். இப்போது தொற்று உள்ளதா என்பதை மூச்சு, மலம், திசு இவற்றில் ஒன்றில் உறுதி செய்துகொள்வதுதான் நல்லது.

சிறுநீர்க் கல்ச்சர் இரண்டு மூன்று நாளில் வந்துவிடுகிறது. இதற்கு மட்டும் ஏன் பத்து நாள் இழுக்கிறீர்கள்?

நாங்கள் இழுக்கவில்லை, கிருமிதான் இழுக்கிறது. சாதாரணக் காற்றில் இது வளராது. ஆக்சிஜன் சுமார் 5 சதவீதமும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 10 சதவீதமும் உள்ள காற்றும், 37 டிகிரி வெப்பமும், இரத்தம் கலந்த ஊட்டத் தட்டும் கொடுத்தால்கூட மூன்று நாளிலிருந்து ஏழு நாள் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு மருந்துப் பட்டை வைத்து இன்னும் மூன்று நாள்.

இந்தக் கிருமி உலகுக்குத் தெரியவந்ததே இப்படி ஒரு தாமதத்தால்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் இரைப்பைத் திசுவில் நுண்ணோக்கி வழியே பார்த்த பாக்டீரியாவை வளர்க்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஆய்வக வழக்கப்படி, இரண்டு நாளில் வளராத தட்டுகள் குப்பைக்குப் போயின. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் இன்குபேட்டரிலேயே தங்கிவிட்டன. ஐந்தாறு நாள் கழித்துத் திறந்தபோது கிருமி வளர்ந்திருந்தது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனவே "சீக்கிரம் கொடுங்கள்" என்று ஜன்னலில் நின்று சொல்பவர்களுக்கு நான் ஈஸ்டர் கதையைச் சொல்லிவிடுவேன்.

ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்திருக்கிறது. அப்படியானால் கிருமி போய்விட்டது, இல்லையா?

அவசரப்படாதீர்கள். மூச்சுப் பரிசோதனையோ மஞ்சள் ஜெல்லோ 'இருக்கிறது' என்று சொல்லிக் கல்ச்சர் மட்டும் வளரவில்லை என்றால், பெரும்பாலும் கிருமி வழியில் செத்திருக்கும். அறை வெப்பத்தில், சாதாரணக் காற்றில் சில மணி நேரம் கிடந்தாலே வளரும் வாய்ப்பு விழுந்துவிடும். இதற்கென உள்ள ஊடகத்தில், குளிர்ச்சியாக, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வந்து சேர வேண்டும்.

ஒருமுறை ஒரு பெரியவரின் மாதிரியை அவருடைய மகன் மூன்று மணி நேரம் பஸ்ஸில் பத்திரமாக மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் ஃபார்மலின் வாடை. திசு ஆய்வுக்குப் போடும் திரவத்திலேயே கல்ச்சர் துணுக்கையும் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஃபார்மலினில் எந்தக் கிருமியும் பிழைக்காது. அந்தப் பெரியவருக்கு மறுபடி குழாய் விட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது: "கல்ச்சருக்கு என்றால் எண்டோஸ்கோப்பிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், குப்பியை நாங்கள் தருகிறோம்." இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒன்று, மேற்பகுதியிலிருந்து ஒன்று என்று குறைந்தது இரண்டு துணுக்குகள் எடுப்பது நல்லது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சோதனைக்கு முன் இரண்டு வாரம் அமில மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். நெஞ்செரிச்சல் தாங்க முடியவில்லையே, என்ன செய்வது?

அமில மாத்திரை என்பது அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் என்ற இந்த வகை மாத்திரைகள் கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்து, அதை மேற்பகுதிக்கு ஒதுங்கச் செய்துவிடும். அப்போது இருக்கும் கிருமியும் சோதனையில் சிக்காது. அதனால்தான் இரண்டு வார இடைவெளி. ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகளுக்கு நான்கு வாரம். இந்தக் கணக்கு கல்ச்சருக்கு மட்டும் உரியதல்ல. மூச்சு, மலம், மஞ்சள் ஜெல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இடைப்பட்ட நாட்களில் சாதாரண ஆன்டாசிட் திரவம் குடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் அனுமதிப்பார்கள். ஆனால் புண்ணிலிருந்து இரத்தம் வடிந்தவர்களும், இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்ற மருந்து எடுப்பவர்களும் அமில மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. சோதனை கெட்டால் திரும்பச் செய்துகொள்ளலாம்.

முதல் தடவையே இந்தச் சோதனை அவசியமா? இல்லை, மருந்து தோற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

மருத்துவர்களே இரண்டு பக்கமாகப் பேசும் கேள்வி இது. ஐரோப்பிய வல்லுநர் குழு 2022இல் வெளியிட்ட மாஸ்ட்ரிக்ட் ஆறாவது அறிக்கை, வசதி இருந்தால் முதல் சிகிச்சைக்கு முன்பே சென்சிட்டிவிட்டியைப் பார்ப்பது நல்லது என்கிறது. ஒரு பகுதியில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு, அதாவது அதற்குக் கேட்காத கிருமிகளின் பங்கு, 15 சதவீதத்தைத் தாண்டினால், சோதிக்காமல் அந்த மருந்தை வைத்து மும்மருந்து சிகிச்சை (இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமில மாத்திரையும்) கொடுக்க வேண்டாம் என்கிறது. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவக் கல்லூரியின் 2024 வழிகாட்டியும் சோதனை இல்லாமல் கிளாரித்ரோமைசின் மும்மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறது. இந்தியாவில் சென்னை உட்படப் பல நகரங்களின் மாதிரிகளை வைத்து 2003இல் வெளியான ஆய்வில், மெட்ரோனிடசோல் எதிர்ப்பு நூற்றுக்கு எழுபதுக்கு மேலும் கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு நாற்பதுக்கு மேலும் இருந்தன. இருபது ஆண்டுக்கு முன்பே அந்த நிலை.

மறுபக்கமும் இருக்கிறது. பிஸ்மத், டெட்ராசைக்கிளின், மெட்ரோனிடசோல், அமில மாத்திரை என்ற நான்மருந்து சிகிச்சையை 14 நாள் ஒழுங்காக எடுத்தால் சோதனை இல்லாமலேயே பெரும்பாலோருக்குக் கிருமி போய்விடுகிறது. சோதனை செய்து கொடுப்பது பழைய மும்மருந்தைவிடத் தெளிவாக மேல். இந்த நான்மருந்தைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது. என் கருத்து: வேறு காரணத்துக்காக எண்டோஸ்கோப்பி எப்படியும் நடக்கப் போகிறது என்றால், இரண்டு துணுக்கு கூடுதலாக எடுத்து அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம். கல்ச்சருக்காக மட்டும் முதல் தடவையே குழாய் விழுங்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஒருமுறை தோற்ற பிறகு எனக்குத் தயக்கமே இல்லை, சோதனை செய்யுங்கள்.

நான் ஒரு நாளும் அல்சர் மருந்து சாப்பிட்டதே இல்லை. எனக்கு எப்படி மருந்து எதிர்ப்பு வந்தது?

ஜன்னலில் மிக அதிகம் கேட்கும் கேள்வி. கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: "வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் என்ன வாங்குவீர்கள்?" முக்கால்வாசிப் பேர் சொல்லும் மாத்திரை ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. ஆஃப்லாக்சசின், இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் லீவோஃப்லாக்சசினுக்குப் பங்காளி. ஆர்னிடசோல், மெட்ரோனிடசோலுக்குப் பங்காளி. சளிக்கும் காய்ச்சலுக்கும் மூன்று நாள் போடும் அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசினுக்குப் பங்காளி. பெரும்பாலான வயிற்றுப்போக்கும் சளியும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு இந்த மாத்திரைகள் தேவையே இல்லை.

முதல் கேள்வியில் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: கிருமி சிறு வயதிலிருந்தே உள்ளே இருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் பல்லுக்கு, தொண்டைக்கு, காய்ச்சலுக்கு என்று விழுங்கிய ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் அந்தக் கிருமிக்கும் கொஞ்சம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொல்லும் அளவு இல்லை, பழக்கும் அளவு. எதிர்ப்புள்ள கிருமியே வீட்டாரிடமிருந்து தொற்றியிருக்கவும் கூடும்.

எனவே பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். எந்த ஆன்டிபயாடிக்கை எப்போது சாப்பிட்டீர்கள் என்ற பட்டியலே பாதிச் சோதனை. காலண்டர் ஆணியில் குத்தி வைத்த சீட்டுக்கட்டு ஒன்றை ஓர் அம்மா ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் புரட்டினார்.

கல்ச்சர் பழைய முறை, பி.சி.ஆர். செய்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும் என்கிறார்களே?

உண்மை; ஆனால் முழு உண்மை இல்லை. பி.சி.ஆர். கிருமியின் மரபணுவில் எதிர்ப்பைத் தரும் மாற்றங்களைத் தேடுகிறது. கிருமி உயிரோடு இருக்கத் தேவையில்லை. ஃபார்மலினில் போட்ட திசுவிலும், சில முறைகளில் மலத்திலும்கூடச் செய்யலாம். கிளாரித்ரோமைசினுக்கு இது நன்றாக வேலை செய்யும். அந்த எதிர்ப்பு பெரும்பாலும் 23எஸ் ரைபோசோம் மரபணுவின் 2142, 2143 ஆகிய இரண்டே இடங்களில் நடக்கும் மாற்றத்தால் வருகிறது. லீவோஃப்லாக்சசினுக்கும் தேட வேண்டிய இடங்கள் தெரியும்.

மெட்ரோனிடசோலுக்கு அப்படி ஒரு குறிப்பிட்ட இடம் இல்லை. மரபணுவின் எங்கெங்கோ நடக்கும் மாற்றங்கள் எதிர்ப்பைத் தரும். அமாக்சிசிலினுக்கும் கல்ச்சர்தான் நம்பகம். சுருங்கச் சொன்னால், "கிளாரித்ரோமைசின் கொடுக்கலாமா" என்பது மட்டும் கேள்வி என்றால் பி.சி.ஆர். போதும். இரண்டு முறை தோற்று, எல்லா மருந்தையும் பார்க்க வேண்டும் என்றால் கல்ச்சர்.

அமாக்சிசிலினுக்கு 0.06, மெட்ரோனிடசோலுக்கு 4 என்று போட்டிருக்கிறது. எண் குறைந்த மருந்துதானே வீரியமானது?

இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. இந்த எல்லைகளை வகுக்கும் ஐரோப்பியக் குழுவின் (EUCAST) அளவுப்படி அமாக்சிசிலினுக்கு எல்லை 0.125, கிளாரித்ரோமைசினுக்கு 0.25, மெட்ரோனிடசோலுக்கு 8. எனவே உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டுமே எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவது, படி அரிசியையும் பலம் புளியையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுவது போல.

மெட்ரோனிடசோல் 'ஆர்' என்று தெளிவாக இருக்கிறது. டாக்டர் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லையா?

பார்த்திருப்பார். மெட்ரோனிடசோல் ஒரு விதிவிலக்கு. தட்டில் காணும் எதிர்ப்பு இரைப்பையில் அப்படியே நடந்துகொள்வதில்லை. பிஸ்மத்தும் டெட்ராசைக்கிளினும் துணைக்கு இருந்து, மெட்ரோனிடசோலை அதிக அளவில் 14 நாள் கொடுத்தால், 'ஆர்' என்று வந்தவர்களிலும் பெரும்பாலோருக்குக் கிருமி அழிகிறது. அளவைக் குறைத்தாலோ நாளைக் குறைத்தாலோ இந்தச் சலுகை போய்விடும்.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் கிளாரித்ரோமைசினையும் கூட்டிக் கொடுக்கலாமே" என்பார்கள். முடியாது. கிளாரித்ரோமைசின் போய் ஒட்ட வேண்டிய இடமே கிருமியில் மாறிவிட்டது. எத்தனை மாத்திரை போட்டாலும் ஒட்டாது. லீவோஃப்லாக்சசினும் அப்படியே. இந்த இரண்டில் 'ஆர்' என்றால் 'ஆர்'தான்.

இன்னொன்று: டெட்ராசைக்கிளின் கிடைக்கவில்லை என்று கடைக்காரர் டாக்சிசைக்கிளினைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயர் ஒட்டினாலும் இந்தக் கிருமியிடம் பலன் குறைவு. டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள்.

எல்லா மருந்துக்கும் 'எஸ்' என்று வந்தது. சாப்பிட்டும் கிருமி போகவில்லை. உங்கள் ரிப்போர்ட் தவறுதானே?

தவறாக இருக்கலாம், நாங்களும் மனிதர்கள்தான். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

முதலாவது, அமிலம். அமாக்சிசிலினும் கிளாரித்ரோமைசினும் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகத் தாக்கும். அமிலம் தணிந்தால்தான் கிருமி பெருகும். அமில மாத்திரையைக் காலையும் மாலையும், உணவுக்கு அரை மணி நேரம் முன் போடச் சொல்வது இதற்காகத்தான். "கேஸ் மாத்திரைதானே" என்று அதை மட்டும் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலரின் கல்லீரல் இந்த மாத்திரையை மிக விரைவாகக் கரைத்துவிடுவதும் உண்டு. அவர்களுக்கு டாக்டர் மருந்தையோ அளவையோ மாற்றுவார்.

இரண்டாவது, விட்டுப்போன மாத்திரைகள். வாய்க் கசப்பு, குமட்டல், பிஸ்மத்தால் மலம் கறுப்பாகப் போவது என்று பயந்து ஐந்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். பிஸ்மத் கறுப்பு எதிர்பார்த்ததுதான். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பும் நாற்றமும் தலைசுற்றலும் சேர்ந்தால் அது இரத்தமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, முன்னே சொன்ன இரண்டு துணுக்கு விஷயம். ஒரே இரைப்பையில் கீழே ஒரு குணமும் மேலே ஒரு குணமுமாகக் கிருமிகள் இருக்கக்கூடும். ஒரே துணுக்கு வந்தால் அந்த இடத்துக் கிருமிக்குத்தான் நாங்கள் பதில் சொல்ல முடியும்.

எனக்குப் பெனிசிலின் அலர்ஜி என்று சின்ன வயதில் சொன்னார்கள். அமாக்சிசிலின் 'எஸ்' என்று வந்தும் பயன் இல்லையா?

அமாக்சிசிலினும் பெனிசிலின் வகைதான். உண்மையான அலர்ஜி என்றால் 'எஸ்' என்பதற்குப் பொருளே இல்லை, தொடக் கூடாது. ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசோதித்தால் அலர்ஜி இல்லை என்று தெரிகிறது. மருந்துகள் தீர்ந்துகொண்டே வரும் நிலையில் அலர்ஜி நிபுணரிடம் போய் உறுதி செய்துகொள்வது மதிப்புள்ள வேலை. வீட்டில் சோதித்துப் பார்க்கும் விஷயம் இல்லை.

என் ரிப்போர்ட்டை வைத்து என் கணவருக்கும் அதே மருந்தை வாங்கிவிடலாமா?

வேண்டாம். அவரிடம் கிருமி இருக்கிறதா என்பதே முதலில் தெரிய வேண்டும். இருந்தாலும் அது உங்களுடைய அதே கிருமி என்று சொல்ல முடியாது. அவர் சாப்பிட்ட பழைய மாத்திரைகளும் வேறு.

வலி சுத்தமாக நின்றுவிட்டது. மறுபடி எதற்குப் பரிசோதனை?

வலியை நிறுத்தியது அமில மாத்திரையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி, மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்தால்தான் கிருமி போனதா என்று தெரியும். இரத்தம் ஏன் உதவாது என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஒழிந்த பிறகு பெரியவர்களுக்கு மறுபடி தொற்றுவது அபூர்வம். ஓராண்டுக்குள் திரும்ப வந்தால், பெரும்பாலும் பழைய கிருமியே பதுங்கியிருந்தது என்று பொருள்.

எங்கள் ஊரில் இந்தச் சோதனை செய்யும் ஆய்வகமே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

உண்மையில் பெரும்பாலான ஊர்களில் இல்லை. மனம் தளர வேண்டாம். தைவானில், இரண்டு முறையோ அதற்கு மேலோ சிகிச்சை தோற்றவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பாதிக்கு மரபணுச் சோதனையை வைத்தும், மறுபாதிக்கு முன்பு சாப்பிட்ட மருந்துகளின் வரலாற்றை வைத்தும் சிகிச்சை கொடுத்தார்கள். அதன் பெரிய பகுதியில், பக்கத்துக்கு 205 பேரில், சோதனைப் பக்கம் 78 சதவீதமும் வரலாற்றுப் பக்கம் 72 சதவீதமும் குணமாயினர். புள்ளியியல்படி அது பெரிய வித்தியாசம் இல்லை. காலண்டர் ஆணிச் சீட்டுக்கட்டின் மதிப்பு இப்போது புரியும்.

மூன்று முறை தோற்றபின் கல்ச்சர் செய்தேன். ரிப்போர்ட்டில் 'ரிஃபாம்பிசின்' என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு டி.பி.யா?

இல்லை. இந்த வரியைப் பார்த்து அழுதுகொண்டே வந்தவர்கள் உண்டு. மற்ற மருந்துகள் எல்லாம் தோற்றபின் மருத்துவர்கள் நினைத்துப் பார்க்கும் மருந்துகளில் ஒன்று ரிஃபாபுட்டின். அது கேட்குமா என்பதை அதன் உடன்பிறப்பான ரிஃபாம்பிசினை வைத்துத்தான் தட்டில் பார்ப்போம்.

ஆனால் நம் நாட்டில் காசநோய் அதிகம். அதற்கான முக்கிய ஆயுதமும் ரிஃபாம்பிசின்தான். உள்ளே காசநோய் பதுங்கியிருக்க, வயிற்றுக்காக ரிஃபாபுட்டின் மட்டும் கொடுத்தால் காசநோய்க் கிருமி அந்த மருந்து வகைக்கே பழகிவிடும். அதனால் மார்பு எக்ஸ்ரே உள்ளிட்டவற்றைப் பார்த்து, காசநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே டாக்டர் இதை எழுதுவார். பல நேரம் எழுதவும் மாட்டார். இளம் வயதில் ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டதைப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் மறைத்தவர்கள் இருக்கிறார்கள். ஜன்னலில் என்னிடம் சொல்ல வேண்டாம். டாக்டர் அறையில் கதவு சாத்தியதும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.